அரைக்கேள்வி அண்ணி

என் அண்ணிக்கு ஒரு கேள்வியை முழுதாகக் கேட்கத் தெரியாது என்பது எங்கள் வீட்டில் நெடுநாள் கேலி. "சாவி எங்க…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொள்வார். எந்தச் சாவி, யார் எடுத்தது என்பதையெல்லாம் நாம்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். "கல்யாணத்துக்குச் சம்மதமான்னுகூட இவ என்னைப் பாதிதான் கேட்டா. மீதியை நானா யூகிச்சு மாட்டிக்கிட்டேன்" என்பான் அண்ணன். "தப்பா யூகிச்சிட்டீங்க. பாவமா இருந்துச்சு, விட்டுட்டேன்" என்பார் அண்ணி.

அலுவலகத்திலும் அவருக்கு அரைக்கேள்வி என்றுதான் பெயர். அங்கே அது கேலி இல்லை, பாராட்டு.

புதிதாக ஒரு பொருளைக் கண்டுபிடித்துவிட்டதாக நம்புகிறவர்கள் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் அண்ணியின் அலுவலகத்துக்கு வருவார்கள். உலகத்தில் வேறு யாராவது இதை ஏற்கெனவே செய்திருக்கிறார்களா என்று தேடிச் சொல்வது அங்குள்ளவர்களின் வேலை. அண்ணி அங்கே தேடுநர். பெரும்பாலும் அவர் கொண்டுபோவது கெட்ட செய்திதான். "உங்களுக்கு முன்னாடியே ஒருத்தர்…" என்று தொடங்கும்போதே எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முகம் விழுந்துவிடுமாம். மீதியைச் சொல்ல வேண்டியிருக்காது.

வாரத்தில் சில நாள் அவர் வீட்டிலிருந்தே வேலை செய்வார். ஜன்னலோரம் துணி காயப்போடும் சட்டத்தை ஒதுக்கிவிட்டு ஒரு மேஜை. அதன்மேல் இரண்டு திரைகள். இடப்பக்கத் திரையில் அலுவலகத்தின் மூடிய தேடுதளம். உலகம் முழுக்கப் பதிவான காப்புரிமைகள் அதற்குள் இருக்கின்றன. அதில் என்ன தேடினாலும் வெளியே போகாது, யாரும் சேமித்து வைக்க மாட்டார்கள் என்று ஒப்பந்தம். வலப்பக்கத் திரையில் நாம் எல்லோரும் பார்க்கிற சாதாரண இணையம். அண்ணி முன்னதை 'உள்ளே' என்பார், பின்னதை 'வெளியே' என்பார். "இன்னைக்கு உள்ளே முடிஞ்சுது, நாளைக்கு வெளியே போகணும்" என்று அவர் சொன்னால் செருப்பைத் தேட வேண்டாம். நாற்காலியைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்துவார், அவ்வளவுதான்.

உள்ளே அவர் முழுதாகக் கேட்பார். வெளியே ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை. ஒருவரின் கண்டுபிடிப்பு இன்னும் பதியப்படாத ரகசியம். அதைப் பொதுவான தேடல் பெட்டியில் ஒரே வரியாகத் தட்டிவிட்டால் அது எந்த ஊர்க் கணினியில் போய் உட்காரும், யார் கண்ணில் படும் என்று தெரியாது. அதனால் உடைத்து உடைத்துக் கேட்பார். ஒரு நாள் வரியின் தலை, இன்னொரு நாள் கால். நடுவயிறு எப்போதும் அவரிடமே இருக்கும்.

நான் அப்படியே நேர்மாறு. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. சந்தேகம் கேட்க வீட்டில் ஆள் கிடையாது, பேராசிரியர்களிடம் கேட்கக் கூச்சம். ஆகவே எல்லாவற்றையும் தேடல் பெட்டியில்தான் கேட்டேன். நேர்காணலுக்கு எந்த நிற உடை, வேலையில் சேர்ந்த முதல் நாள் சாப்பாட்டு டப்பாவை எங்கே வைத்துத் திறப்பது, கூட்டத்தில் மற்றவர்களைப் போல் வாய் திறக்க முடியவில்லையென்றால் அது ஏதாவது நோயா. இப்படி என் உள்மனம் முழுவதையும் எழுத்துப் பிழையோடு அதில் கொட்டியிருக்கிறேன். ஒருமுறை அண்ணியிடம் சமாளித்துப் பார்த்தேன்.

"நான் மறைநிலை ஜன்னலைத் திறந்துதான் தேடுவேன் அண்ணி. எதுவும் பதிவாகாது."

"எங்க பதிவாகாது?"

"நம்ம லேப்டாப்ல."

"அது சரி. உங்க அண்ணன்கிட்டேர்ந்து மறைக்கணும்னா அது போதும் பட்டதாரி. நம்ம பக்கத்தை அது துடைச்சுக்கும். எதிர்ப்பக்கத்தை யாரு…" என்று நிறுத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பட்டதாரி என்பது அவர் எனக்கு வைத்த பெயர். அதில் பாதி பெருமை, பாதி கிண்டல். எந்தப் பாதி எப்போது என்று இன்றுவரை எனக்குப் பிடிபட்டதில்லை.

இனி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன் ஒரு பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில் வேலை செய்கிறான். சக்கர நாற்காலி, தள்ளுபடுக்கை, மருந்து வண்டி என்று சக்கரம் வைத்த எதுவும் கெட்டுப்போனால் அவனிடம் வரும். ஜன்னல் இல்லாத அறை, எண்ணெய் வாசனை. வரிசையாகக் கவிழ்த்துப் போட்ட நாற்காலிகள் கால் நீட்டிப் படுத்திருப்பதுபோல் இருக்கும். தொழிற்பயிற்சியோடு படிப்பை நிறுத்திக்கொண்டவன். அவன் வேலைக்குப் போனதால்தான் நான் கல்லூரிக்குப் போனேன். இதை அவன் ஒருபோதும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சக்கர நாற்காலியில் தானே தள்ளிக்கொண்டு போகிறவர்களுக்குச் சரிவுப் பாதை ஒரு தொல்லை. கை ஓய்ந்து ஒரு நொடி விட்டால் வண்டி பின்னால் உருளும். உருளாமல் தடுக்கும் கொக்கிகள் கடையிலேயே கிடைக்கின்றன. ஆனால் அவற்றை ஒவ்வொரு முறையும் கையால் போட்டு, கையால் எடுக்க வேண்டும். விரல்களில் வலு இல்லாதவர்களுக்கு அதுவே பெரும்பாடு. அண்ணன் ஒரு பித்தளை எடையைத் தொங்கவிட்டான். வண்டி மேட்டில் ஏறி முன்பக்கம் உயரும்போது எடை தானாகப் பின்னே சாயும். அது சாய்ந்ததும் கொக்கி சக்கரத்தின் மேல் விழும்; வண்டி முன்னே போகும், பின்னே உருளாது. சமதரைக்கு வந்தால் எடை நேராகி, கொக்கி எழுந்துகொள்ளும். விரலால் ஒன்றும் செய்ய வேண்டாம்.

அவன் அதைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துக் காட்டிய அன்று அண்ணி வெகுநேரம் அந்த எடையை ஒரு விரலால் ஆட்டிக்கொண்டே இருந்தார். "இதை…" என்றார். அண்ணன், "நானேதான் யோசிச்சேன்" என்றான். அந்தக் கேள்வியின் மீதி அதுதானா என்று எனக்குத் தெரியவில்லை.

நாற்காலி தயாரிக்கும் கம்பெனி ஒன்றோடு அண்ணனுக்குக் கொஞ்சம் பழக்கம். உதிரிப் பாகம் கேட்டு எழுதி எழுதி வந்த பழக்கம். "என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது" என்று அவர்களுக்கு எழுதினான். பதியாத எதையும் தாங்கள் பார்ப்பதில்லை, விண்ணப்பித்துவிட்டு வந்தால் வடிவமைப்புப் பிரிவில் ஓர் இடம் பற்றியும் பேசலாம் என்று பதில் வந்தது. அண்ணன் அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தான். மாத முடிவில் சந்திப்பு. அடித்தளத்திலிருந்து வெளிச்சமுள்ள ஓர் அறைக்குப் போக அவனுக்கு வாழ்க்கையில் திறந்த ஒரே கதவு அது. அவனைவிட நான் அதிகம் ஆசைப்பட்டேன். அவன் படிக்காமல் விட்ட படிப்புக்கு அந்த அறை ஈடாகிவிடும், நானும் விடுபட்டுவிடுவேன் என்று நினைத்தேனோ என்னவோ.

"சும்மா நெட்டுல ஒரு தட்டு தட்டிப் பாரேன், வேற எவனாவது செஞ்சிருக்கானான்னு" என்றான் அண்ணன் என்னிடம்.

"தொடக்கூடாது" என்றார் அண்ணி. "ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன். எடை, சக்கரம், சரிவு. இந்த மூணையும் இந்த வீட்டுல ஒரே வரியில யாரும் அடிக்கக் கூடாது."

"உடம்பு எடை பாக்குற மெஷின் வாங்கணும்னா?"

"உங்க உடம்பை நான் கண்ணாலயே பாத்துச் சொல்லிடுவேன். தேட வேண்டாம்."

"அப்ப உன் ஆபீஸ் கணினியில பாரு. இங்கதானே இருக்கு. யாருக்குத் தெரியப்போகுது?"

அண்ணி இடப்பக்கத் திரையை அணைத்துவிட்டு எழுந்துபோனார். மறுநாள் மேலாளரிடம் போய் நின்றிருக்கிறார். அங்கே நடந்ததை அவரே நடித்துக் காட்டினார்.

"என் வீட்டுக்காரர் ஒண்ணு செஞ்சிருக்கார் மேடம். உள்ளே தேடலாமா…"

"தேடலாமான்னு கேக்குறியா, தேடிட்டேன்னு சொல்றியா?"

"கேக்குறேன்."

"அப்ப வாடிக்கையாளரா பதிஞ்சுக்கோ. அறிக்கையில என் கையெழுத்தும் இருக்கும். புருஷன்னு பாத்து ஒரு வரி கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

"அவர் விஷயத்துல கூட்டிச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை மேடம்" என்றாராம் அண்ணி.

அப்படித்தான் என் அண்ணன் தன் மனைவிக்கே வாடிக்கையாளன் ஆனான். மற்ற வாடிக்கையாளர்களை எதிரில் உட்காரவைத்து வரிசையாகக் கேள்வி கேட்பார்கள். எப்போது செய்தீர்கள், யாருக்குக் காட்டினீர்கள், எங்காவது பயன்படுத்தினீர்களா. அண்ணனிடம் அண்ணி அந்தக் கேள்விகளைப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டார். அண்ணன் துடைத்து அடுக்கிக்கொண்டே பதில் சொன்னான். நானும் அங்கேதான் இருந்தேன்.

"யாருக்காவது காட்டி…"

"சேச்சே. படம் போட்ட தாள் பெட்டிக்குள்ள பூட்டியிருக்கு. ஒருத்தருக்கும் காட்டல."

அண்ணி தலையாட்டினார். குழாயை மூடினார். அடுத்த கேள்விக்கு அவர் போகவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

உள்ளே தேட அவருக்குச் சில நாள் பிடித்தது. இடப்பக்கத் திரையில் எடை, சாய்வு, கொக்கி, சக்கரம் எல்லாவற்றையும் சேர்த்து முழு வாக்கியமாகக் கேட்டார். விதவிதமான பொருள்கள் வந்தன. தொட்டில் ஆடாமல் நிறுத்த எடை வைத்த ஒருவர், ஏணி வண்டிக்குக் கொக்கி போட்ட ஒருவர், தோட்டத்துத் தள்ளுவண்டிக்குச் சாய்வுக் கட்டை வைத்த ஒருவர். எல்லோரும் பக்கத்துத் தெரு வரைக்கும் வந்தார்கள், எங்கள் வீட்டு வாசலுக்கு யாரும் வரவில்லை. அண்ணன் தினமும் வேலையிலிருந்து வந்ததும் கால்கூடக் கழுவாமல் மேஜை ஓரம் நிற்பான். "இன்னைக்கும் யாரும் வரல" என்பார் அண்ணி. ஒருநாள், "உள்ளே சுத்தம்" என்றார். அண்ணன் என்னைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். அண்ணியையும் சுற்றப் போனான். அவர் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் வெளியே பாக்கல."

எனக்குப் பொறுக்கவில்லை. "அதான் சுத்தம்னு வந்தாச்சே அண்ணி? எத்தனையோ பேர் உள்ளே மட்டும் பாத்து அறிக்கை குடுக்கறாங்கன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க."

"குடுக்கறாங்க."

"அப்புறம் என்ன?"

அண்ணி நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "உள்ளே யாரு இருக்காங்க? பதிஞ்சவங்க. உங்க அண்ணன் இதுக்கு முன்னாடி செஞ்ச எதையாவது பதிஞ்சிருக்காரா? குழாய்க்கு மாட்டின அந்த வளையம், கதவு சாத்தாம இருக்க வெச்ச ஸ்பிரிங்… ஒண்ணாவது? அவரை மாதிரி ஆளுங்க உள்ளே இருக்க மாட்டாங்க. வெளியேதான் இருப்பாங்க. அவரை மாதிரி இன்னொருத்தர் இருக்காரான்னுதானே நான் தேடணும்?"

அண்ணனுக்கு இது பாராட்டா வசவா என்று புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஆனாலும் அவர் அந்த நாற்காலியை வலப்பக்கம் நகர்த்தக் கூடாது என்று மனத்துக்குள் வேண்டிக்கொண்டேன். நல்ல பதில் கிடைத்த இடத்தில் தேடலை நிறுத்துவதுதான் இத்தனை காலம் என் வழக்கம். பட்டம் வாங்கியதே அப்படித்தானோ என்றுகூடத் தோன்றுகிறது.

வெளியே அவர் எப்படித் தேடுகிறார் என்பதை அப்போதுதான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எடையைப் பற்றி ஒரு சொல் அடிக்கவில்லை, கொக்கியைப் பற்றியும் அடிக்கவில்லை. மேடேறுகிற ஒருவராகவே மாறிப்போனார். "சரிவுல கை விட்டா வண்டி பின்னாடி போகுது என்ன பண்றது" என்று அடித்தார். "மணிக்கட்டு வலிக்குது ரேம்ப் ஏற முடியல" என்று அடித்தார். பேச்சு மொழியில், அலுத்துக்கொண்டு, சில இடத்தில் தப்பும் தவறுமாக. வேறு மொழிகளிலும் அப்படியே.

"என்ன அண்ணி இது, புலம்பல்?"

"மருந்துதானே ரகசியம்? வலி எல்லாருக்கும் பொது. வலியைத் தெருவுல சத்தமா சொல்லலாம். அதே வலி இருக்கிறவங்க வருவாங்க. வர்றவங்க கையில என்ன வெச்சிருக்காங்கன்னு நாம பாத்துக்கலாம்."

நான் இத்தனை காலம் என் வலியையும் மருந்தையும் பெயரையும் முகவரியையும் ஒரே பெட்டியில் கொட்டிக்கொண்டிருந்தேன். இந்தப் பெண் அடுத்தவருடைய வலியைத் தன் வலிபோல் எழுதி, அடுத்தவருடைய மருந்தைத் தன் உள்ளங்கையில் மூடி வைத்திருந்தார். எனக்கு அன்று அவர்மேல் வந்தது வெறும் மரியாதை இல்லை. கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை. அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். நான் அடுப்படியில் பால் பொங்கிவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னறையிலிருந்து அண்ணனின் குரல் கேட்டது.

"கையை வைக்காதீங்க டீச்சர். எடுங்க, ரெண்டு கையையும் எடுங்க! ஒண்ணும் ஆகாது!"

அவன் வந்துவிட்டானோ என்று எட்டிப் பார்த்தேன். வாசல் கதவு சாத்தியிருந்தது. அண்ணி வலப்பக்கத் திரையின் முன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு பள்ளிக்கூடத்துச் சரிவுப் பாதை. அதன் நடுவில், சக்கர நாற்காலியில், கண்ணாடி போட்ட ஓர் அம்மா இரண்டு கைகளையும் தூக்கிக் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். வண்டி அசையவில்லை. காட்சி மெல்லச் சக்கரத்துக்கு அருகில் போனது. அங்கே எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஆடிய அதே பித்தளை எடை.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

அந்த அம்மா ஒரு பள்ளியின் கணக்கு டீச்சர். தன் வண்டியைப் பழுதுபார்க்க அண்ணனின் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தவர். மணிக்கட்டு ஓய்ந்துபோய்ச் சரிவில் ஏற முடியவில்லை என்று அவர் சொன்னதைக் கேட்டுத்தான் அண்ணன் அந்த எடையையே யோசித்திருக்கிறான். முதலில் செய்ததை அவர் வண்டியில் மாட்டி, பள்ளிக்கே போய் ஓட்டிக் காட்டியிருக்கிறான். யாரோ படம் பிடித்தார்கள். டீச்சர் நன்றியோடு அதை ஊருக்குக் காட்டிவிட்டார். கீழே நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். இது எங்கே கிடைக்கும், எங்கள் அப்பாவுக்கு ஒன்று வேண்டும், எப்படிச் செய்வது. ஒருவர் தானே செய்து மாட்டிப் படமும் போட்டிருந்தார்.

சட்டம் எனக்குக்கூடத் தெரியும், அண்ணியிடம் கேட்டுக் கேட்டு. விண்ணப்பிப்பதற்கு முன் ஊரறியக் காட்டிவிட்டால் அது புதிது இல்லை. காட்டியது கண்டுபிடித்தவரே ஆனாலும் இல்லை. சில நாடுகளில் கொஞ்சம் அவகாசம் தருவார்களாம். எங்கள் சட்டத்தில் இதற்கு அது பொருந்தாது.

"டீச்சர்கிட்டச் சொல்லி எடுத்துடச் சொல்லலாம் அண்ணி" என்றேன். எவ்வளவு வேகமாக என் வாயிலிருந்து அது வந்தது என்பதை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். "இப்பவே எடுத்துட்டா யாருக்குத் தெரியும்? உள்ளேதான் சுத்தமாச்சே."

அண்ணி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பாத்திரம் தேய்ச்சுக்கிட்டுக் கேட்டேன்" என்றார். "காட்டினீங்களான்னு பாதி கேட்டேன். அவர் தாள்ல வரைஞ்ச படத்தை மட்டும் சொன்னார், விட்டுட்டேன். வேற யாரா இருந்தாலும் முழுசா கேட்டிருப்பேன்."

தன்னைத்தான் திட்டிக்கொள்கிறார் என்று புரியச் சற்று நேரம் ஆனது.

சாயங்காலம் அண்ணன் வந்தான். வழக்கம்போல் மேஜை ஓரம் நின்றான். அண்ணி காணொளியை ஓட்டினார். அவன் முதலில் சிரித்தான். "அட, நம்ம டீச்சர்! இது எப்ப போட்டாங்க?" என்றான். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தான்.

"இது… கணக்குல வருமா?"

"வரும்."

"நான் செஞ்சதுதானே? என் குரல்தானே அது? என் பொருளை நானே திருடிட்டேன்னு சொல்லுவாங்களா?"

"திருடல. குடுத்துட்டீங்க."

அண்ணன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். அவனும் நான் சொன்னதையே சொன்னான். எடுத்துவிடச் சொல்லலாம் என்று. அண்ணி தலையை அசைத்தார். பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள், ஒருவர் செய்தும் மாட்டிவிட்டார், அந்தக் கம்பெனியிலும் தன்னைப்போல் ஒரு தேடுநர் இருப்பார் என்றார். "நீங்க வேலையை விட்டுட்டு அங்க போய் உக்காந்த அப்புறம் அவங்க கண்டுபிடிப்பாங்க."

"கண்டுபிடிக்கலைன்னா?"

"நான் கண்டுபிடிச்சிட்டேனே."

"நீ தேடாம இருந்திருக்கலாம்" என்றான் அண்ணன். எங்கள் வீட்டில் கேலியல்லாமல் அவன் அண்ணியிடம் கடுமையாகச் சொன்ன வார்த்தை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். "ஊர்ல எல்லாருக்கும் உள்ளே மட்டும் பாத்துக் குடுக்கறாங்க. கட்டின புருஷனுக்கு மட்டும் உனக்கு வெளியேயும் பாக்கணும்."

"எல்லாருக்கும் ரெண்டும்தான் பாக்கறேன். உங்களுக்கு மட்டும் குறைச்சலா பாக்கணுமா?"

அவன் எழுந்து போய்விட்டான். அதன் பிறகு அவர்களுக்குள் பேச்சு என் வழியாகத்தான் நடந்தது. "உங்க அண்ணன்கிட்ட சாப்பாடு ஆச்சான்னு…" என்பார் அண்ணி. "ஆச்சுன்னு உங்க அண்ணிகிட்டச் சொல்லு" என்பான் அவன், மூன்றடி தள்ளி உட்கார்ந்துகொண்டு. எனக்கு அண்ணி மேலும் கோபம்தான். அதே சமயம் அவர் அறிக்கையை எழுதுவதைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வரி மழுப்பவில்லை. காணொளி இருந்த இடம், வெளிவந்த நாள், அதில் தெரிவது, எல்லாம் எழுதினார். செய்தவர் யார் என்ற இடத்தில் கையை நிறுத்தினார். பிறகு எழுதினார்: "காணொளியில் பெயர் இல்லை. குரல் மட்டும் உள்ளது. குரல் வாடிக்கையாளருடையது, தேடுநர் அறிவார்."

மேலாளர் அதைப் படித்துவிட்டு, "எப்படி அறிவார்னு யாராவது கேட்டா?" என்றிருக்கிறார்.

"தினமும் கேக்குற குரல் மேடம். இப்பத்தான் கொஞ்ச நாளா கேக்கல" என்றாராம் அண்ணி. மேலாளர் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்று சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொன்னார்.

அண்ணன் கம்பெனிக்கு உண்மையை எழுதினான். நன்றி, வேறு யோசனை இருந்தால் எழுதவும் என்று இரண்டு வரி வந்தது. மாத முடிவுச் சந்திப்பு இல்லை. அவன் அடித்தளத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தான்.

ஒருநாள் கணக்கு டீச்சரின் வண்டி பழுதுபார்க்க வந்திருக்கிறது. டீச்சருக்கு ஒன்றும் தெரியாது. "எத்தனை பேர் கேக்கறாங்க தெரியுமா! உங்க பேரைப் போடலாமான்னு கேக்கணும்னே இருந்தேன்" என்றிருக்கிறார். அண்ணன் என்ன சொன்னான் என்று எங்களிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, கால் கழுவி, மேஜை ஓரம் வந்து நின்றான். வெகு நாளுக்குப் பிறகு அங்கே நின்றான்.

"அந்த டீச்சர் படத்துக்குக் கீழ என்னமோ எழுதியிருக்காங்களாமே" என்றான், என்னைப் பார்த்து.

"அண்ணிகிட்டக் கேளு" என்றேன். தூது போய் எனக்குச் சலித்திருந்தது. அடுப்பில் வேறு பாலை வைத்துவிட்டு வந்திருந்தேன்.

அண்ணி வலப்பக்கத் திரையில் திறந்தார். அவன் குனிந்து ஒவ்வொன்றாகப் படித்தான். மேடுபள்ளமான ரோட்டில் எடை ஆடி ஆடிக் கொக்கி விழுந்துவிடாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். எடையை இன்னும் கனமாக்கு என்று வேறொருவர் பதில் போட்டிருந்தார்.

"இவன் யாரு? கனமாக்கினா இன்னும்தானே ஆடும்! எடை தொங்குற ஆணிக்குப் பக்கத்துல ஒரு ரப்பர் துண்டு வெக்கணும். அது ஆட்டத்தைக் குடிச்சிடும். இந்த ஆள் சொல்றதைக் கேட்டு யாராவது மாட்டி விழுந்து வெச்சா?" அண்ணன் நிஜமாகவே பதறினான். "எழுது. நான் சொல்றேன், நீ எழுது."

அண்ணி விசைப்பலகைமேல் விரல் வைத்துவிட்டு நிறுத்தினார். அவன் பக்கம் திரும்பினார்.

"இதுல எழுதினா மொத்தமும் எல்லாருக்கும் போயிடும். திரும்ப எடுக்க முடியாது. உங்களுக்கு மட்டும்னு எதுவும் மிஞ்சாது. உங்க பேரோட, முழுசா, எல்லாத்தையும் எழுதட்டுமா?"

நானும் அண்ணனும் அவரையே பார்த்தோம். பதில் வேண்டி அண்ணனிடம் ஒரு கேள்வியை அவர் கடைசிவரை கேட்டு அன்றுதான் பார்த்தோம்.

"இனிமே வேற எவனும் இதைத் தன்னுதுன்னு பதிய முடியாதுல்ல?" என்றான் அண்ணன். "அந்தக் கம்பெனிகூட?"

"முடியாது. உங்க குரல் இருக்கே."

"எழுது."

அவன் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். எடை எத்தனை கனம், எந்த இடத்தில் தொங்க வேண்டும், கொக்கியின் முனையை எப்படித் தேய்க்க வேண்டும், ரப்பர் துண்டு எங்கே. எடை, சக்கரம், சரிவு, மூன்றும் ஒரே வரியில், வலப்பக்கத் திரையில். நடுவில் அண்ணன் ஒரு சொல்லைத் தேடித் தடுமாறியபோது அண்ணி எடுத்துக் கொடுத்தார். "அதேதான்" என்றான். இருவருக்கும் பேச்சு வந்துவிட்டது என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

கடைசியில் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டு அண்ணி கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"பால்…" என்றார்.

அடுப்பை அணைக்க நான் ஓடினேன்.